ஜேசிபி கேபினில் இருந்து பார்க்கும்போது…

கேள்வி: கிரிவலப் பாதையோரம் ஜேசிபி ஓட்டுகிறேன். முன்பக்கெட் பார்வையை மறைக்கிறது, ஸ்டியரிங்கும் கனக்கிறது. என்ன செய்வது?
– வாசகர், திருவண்ணாமலை

பதில்: அந்த 14 கிலோமீட்டர் பாதையில் எந்நேரமும் யாரோ மலையைப் பார்த்தபடி வெறுங்காலில் நடப்பார்கள். அவர்களைக் கவனிக்கும் பொறுப்பு உங்களுடையது.

ஓட்டுநரின் கண்மட்டத்தில் விளக்கு வைத்து, வண்டியைச் சுற்றி 12 மீட்டர் ஆர வட்டத்தில் விழும் நிழலை அளப்பது ஐஎஸ்ஓ 5006 சோதனை. அதை எளிமையாக நீங்களே செய்யலாம். எஞ்சினை நிறுத்தி, இருக்கையில் அமர்ந்து, உதவியாளரை வண்டியைச் சுற்றி நடக்கச் சொல்லுங்கள். அவர் மறையும் இடங்களைச் சுண்ணாம்பால் குறியுங்கள். கண்ணாடியோ கேமராவோ அந்த இடங்களைக் காட்ட வேண்டும். ஓட்டும்போது பக்கெட் தரையிலிருந்து ஓரடிக்கு மேல் வேண்டாம். பின்னால் எடுக்கும்போது ரிவர்ஸ் அலாரம் இருந்தாலும் கீழே ஓர் ஆள் நின்று சைகை காட்டட்டும்.

உங்கள் வண்டியில் சக்கரத்தைத் திருப்புவது ஹைட்ராலிக் ஆயில் அழுத்தம். ஆகவே ஆயில் அளவு, அடைத்த ஃபில்டர், முன்டயர் காற்று மூன்றையும் முதலில் பாருங்கள். பக்கெட்டில் அதிக மண் அள்ளினாலும் முன்சக்கரத்தில் பாரம் ஏறிக் கனக்கும். இவை சரியாக இருந்தும் கனத்தால் பம்பை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். இறக்கத்தில் எஞ்சினை அணைத்து உருட்டவே கூடாது, ஸ்டியரிங் இறுகிவிடும்.

கட்டுமான வண்டிகளுக்கான ஏஐஎஸ் 160 பாதுகாப்புத் தரத்தை மத்திய அரசு 2020இல் அறிவித்தது. ஓட்டுநரின் பார்வைப் பரப்பும் அதில் அடக்கம். பழைய வண்டி என்றால், கேமரா பொருத்தித் தரும்படி உரிமையாளரிடம் தயங்காமல் கேளுங்கள். பௌர்ணமி நாளில் அந்தப் பாதையில் வண்டியை இறக்க மறுத்துவிடுங்கள்.