லாரி – டிரெய்லர் எடையைச் சரிபார்க்கும் முறை

மட்டாஞ்சேரியில் பண்டங்களை நிறுத்து வாங்குவதும் நிறுத்து விற்பதும் பல நூற்றாண்டுகளாக நடைபெற்று வரும் தொழிலாகும். மிளகும் சுக்கும் ஏலமும் இவ்வூர்ப் பஜார் ரோட்டின் கிடங்குகளில் முற்காலத்தில் கண்டி, துலாம், ராத்தல் என்னும் அளவைகளால் நிறுக்கப்பட்டன. ஒரே பெயருடைய அளவை ஊருக்கு ஊர் வேறு எடையைக் குறித்தமையால் வியாபாரிகளிடையே வழக்குகள் எழுவதுண்டு. 1956-ஆம் ஆண்டின் எடை, அளவைத் திட்டச் சட்டம் இக்குழப்பத்தை நீக்க வழிசெய்தது. 1958 அக்டோபர் முதல் தேதியிலிருந்து நாட்டில் படிப்படியாகக் கிலோகிராம் வழக்கத்திற்கு வந்தது. அளவைகள் ஒன்றாயின. ஆயினும், எடுத்த எடை சரியானதுதானா என்னும் கேள்வி இன்னமும் எஞ்சி நிற்கிறது.

இன்று கொச்சித் துறைமுகத்திற்குச் செல்லும் சரக்கில் பெரும்பகுதி கண்டெய்னர் எனப்படும் இரும்புப் பெட்டகங்களில் அடைக்கப்பட்டு, டிரெய்லர் வண்டிகளில் ஏற்றப்பட்டு, 2011-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற வல்லார்பாடம் பெட்டக முனையத்தை அடைகின்றது. இவ்வண்டியின் எடையை மூவர் அறிய வேண்டியுள்ளது. கப்பலில் பெட்டகங்களை அடுக்குவோர் அறிய வேண்டும். பாலத்தையும் சாலையையும் பேணுவோர் அறிய வேண்டும். வண்டியை ஓட்டிச் செல்பவரும் அறிந்தே ஆகவேண்டும். ஏனெனில் எடை மிகுந்தால் பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கும் தூரம் நீளுகிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மிகை பாரத்திற்கு மோட்டார் வாகனச் சட்டம் விதிக்கும் அபராதம் 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000 ரூபாயுமாகும். பெட்டகத்தைத் தம் கையால் நிரப்பாத ஓட்டுநருக்குக் கிடைக்கும் ஒரே சான்று எடைச் சீட்டுதான். அச்சீட்டு எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதைக் காகிதமும் பென்சிலும் ஓர் அளவு நாடாவும் கொண்டு எவரும் சோதித்தறியும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

எடை மேடை வேலை செய்யும் விதம்

எடை மேடை என்பது உறுதியான தாங்கிகளின்மீது அமைந்த, எஃகு அல்லது காங்கிரீட்டால் ஆன ஒரு தளமாகும். ஒவ்வொரு தாங்கியிலும் லோட் செல் எனப்படும் எஃகுத் துண்டு ஒன்று உள்ளது. பாரம் ஏறும்போது அது கண்ணுக்குப் புலப்படாத அளவு நெளிகிறது. அதில் ஒட்டப்பெற்றுள்ள மெல்லிய உலோக இழைகளின் மின்தடை அதற்கேற்ப மாறுகிறது. எல்லாத் தாங்கிகளிலிருந்தும் வரும் மாறுதல்களைக் கூட்டிக் கருவி கிலோகிராமில் காட்டுகிறது.

இக்கருவி உண்மையில் அளப்பது கீழ்நோக்கி அழுத்தும் விசையையே என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். அவ்விசை பூமியின் ஈர்ப்பைப் பொறுத்தது. ஈர்ப்பு இடத்திற்கு இடம் சிறிது வேறுபடும். பூமத்திய ரேகையை அடுத்துள்ள கொச்சியில் அது டில்லியில் உள்ளதைவிட ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே, டில்லியில் சரிசெய்த கருவியை அப்படியே கொச்சிக்குக் கொணர்ந்து வைத்தால், 38,000 கிலோ எடையுள்ள வண்டியை அது சுமார் 38 கிலோ குறைத்துக் காட்டும். கருவி நிலைபெற்றிருக்கும் இடத்திலேயே, முத்திரையிட்ட படிக்கற்களைக் கொண்டு அதைச் சரிசெய்ய வேண்டுமென்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

அனுமதிக்கப்படும் பிழை

பிழையே இல்லாத அளவை என்று ஒன்று இல்லை. எத்துணைப் பிழையைப் பொறுத்துக் கொள்ளலாம் என்பதை 1955-இல் தோன்றிய சர்வதேசச் சட்ட அளவையியல் அமைப்பு வகுத்துள்ளது. பத்துப் பத்துக் கிலோவாக எடை காட்டும் ஒரு மேடையை எடுத்துக்கொள்வோம். முத்திரையிடும் சமயத்தில் அதன் பிழை 5,000 கிலோ வரை 5 கிலோவுக்கும், 20,000 கிலோ வரை 10 கிலோவுக்கும், அதற்கு மேல் 15 கிலோவுக்கும் மேற்படலாகாது. பின்னர், உபயோகத்தில் இருக்கும் காலத்தில் இதில் இரு மடங்கு, அதாவது முறையே 10, 20, 30 கிலோ வரை ஏற்கப்படுகிறது. நம் நாட்டின் 2009-ஆம் ஆண்டுச் சட்ட அளவையியல் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகளின்படி எடை மேடைகளைப் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மறுபடியும் சோதித்து முத்திரையிடுதல் வேண்டும்.

முன்வண்டியும் டிரெய்லரும்

சாதாரண லாரியின் எடை ஒரே வண்டியின் எடை. டிரெய்லர் வண்டியிலோ இரு வண்டிகள் இணைந்துள்ளன. இழுத்துச் செல்லும் முன்வண்டியின் முதுகில் ஒரு தட்டு இருக்கிறது. டிரெய்லரின் அடியிலுள்ள கிங்பின் என்னும் தடித்த ஆணி அதில் பொருந்துகிறது. டிரெய்லரும் சரக்கும் சேர்ந்த பாரத்தில் ஒரு பகுதி இவ்வாணியின் வழியே முன்வண்டியின் மேல் இறங்குகிறது. எஞ்சிய பகுதியை டிரெய்லரின் சொந்தச் சக்கரங்கள் தாங்குகின்றன. மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும், இப்பங்கீடு தவறினால் ஓர் அச்சின்மீது மட்டும் பாரம் மிகுந்துவிடும். அல்லது முன்வண்டியின் பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் வரம்புகளை உயர்த்தியபொழுது நான்கு டயர்கள் கொண்ட ஓர் அச்சுக்கு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னும், இரட்டை அச்சுக்கு 19 டன்னிலிருந்து 21 டன்னும், முழு வண்டிக்கு உச்ச அளவாக 49 டன்னிலிருந்து 55 டன்னும் என விதித்தது. ஆகவே மொத்த எடையுடன் அச்செடையும் அறியப்பட வேண்டியதாகும்.

ஐந்து வாசிப்புகள்

முழு வண்டியும் நிற்கப் போதிய நீளமுள்ள மேடையில், வண்டி ஏறும்போதும் இறங்கும்போதும் நிறுத்தி நிறுத்தி ஐந்து வாசிப்புகளைக் குறித்துக்கொள்ளலாம். உதாரணமாக ஒரு வண்டிக்குக் கிடைத்த எண்களைப் பின்வருமாறு கொள்வோம்:

1. முன் அச்சு மட்டும் மேடைமேல்: 5,000 கிலோ
2. முன்வண்டியின் எல்லா அச்சுகளும்: 19,800 கிலோ
3. முழு வண்டியும்: 38,000 கிலோ
4. முன் அச்சு இறங்கிய பின்: 33,000 கிலோ
5. டிரெய்லரின் அச்சுகள் மட்டும்: 18,200 கிலோ

முதல் எண்ணையும் நான்காம் எண்ணையும் கூட்டினால் மூன்றாவது வரவேண்டும். இரண்டையும் ஐந்தையும் கூட்டினாலும் மூன்றாவதே வரவேண்டும். இங்கு இரு கூட்டலும் 38,000 ஆக உள்ளன. நடைமுறையில் இவ்வளவு பொருத்தம் கிட்டாது. மேலே கூறிய பிழை வரம்புகளைச் சேர்த்துப் பார்த்தால், இக்கூட்டல்களில் 70 கிலோ வரை வேற்றுமை வரலாம். அதற்கு மேற்பட்டால் எங்கோ கோளாறு உள்ளது என்று கொள்ளவேண்டும்.

கோளாறுக்குப் பெரும்பாலும் காரணமாவது மேடைக்கு முன்னும் பின்னும் உள்ள பாதையே. அப்பாதை மேடையின் மட்டத்திலேயே அமைந்திராவிடில், ஓர் அச்சு உயர்ந்து மற்றோர் அச்சு தாழ்கிறது. உயர்ந்த அச்சுக்குப் பாரம் மாறிச் செல்கிறது. பிரேக்கைப் பிடித்தபடியே நிறுத்தினாலும் சக்கரங்களுக்கிடையே இழுவிசை தங்கிவிடும். ஆதலால் ஒவ்வொரு முறையும் வண்டியை மெல்ல நிறுத்தி, பிரேக்கைத் தளர்த்தி, ஸ்பிரிங்குகள் அடங்கிய பின்னரே வாசிக்க வேண்டும். நீளமில்லாத மேடையில் வண்டியைத் துண்டு துண்டாக நிறுத்துக் கூட்டிய எண்ணை முழு எடையாகக் கொள்ளலாகாது என்பதும் இதனால் விளங்கும்.

கிங்பின் பாரமும் அளவு நாடாவும்

அடுத்து, டிரெய்லரைக் கழற்றிவிட்டு முன்வண்டியை மட்டும் நிறுக்கவேண்டும். அப்போது முன் அச்சில் 4,300 கிலோவும், பின்னுள்ள இரட்டை அச்சில் 3,700 கிலோவும், ஆக 8,000 கிலோவும் காட்டுவதாகக் கொள்வோம். டிரெய்லர் இணைந்திருந்தபோது முன்வண்டியின் அச்சுகள் 19,800 கிலோ தாங்கின. ஆகவே கிங்பின் வழியே இறங்கிய பாரம் 11,800 கிலோ. இதனுடன் டிரெய்லர் அச்சுகளின் 18,200 கிலோவைக் கூட்டினால், டிரெய்லரும் பெட்டகமும் சரக்கும் சேர்ந்த எடை 30,000 கிலோ ஆகிறது. 38,000-இலிருந்து 8,000-ஐக் கழித்தாலும் இதே விடை கிடைக்கிறது.

இந்த இரட்டை அச்சின்மேல் இப்போது உள்ள பாரம் 19,800-இலிருந்து 5,000 நீங்க 14,800 கிலோ. இது 21 டன் என்னும் வரம்புக்கு உட்பட்டதே.

இவ்வெண்களை எடை மேடையின் துணையின்றியே சோதிக்கவும் ஒரு வழி உண்டு. நெம்புகோல் தத்துவம் பள்ளி மாணவரும் அறிந்ததே. கிங்பின் இரட்டை அச்சின் நடுவுக்கு நேர் மேலே இருந்தால் முன் அச்சுக்குப் பாரம் சிறிதும் கூடாது. நடுவிற்குச் சற்று முன்னே இருந்தால் அதற்கேற்ற பங்கு முன் அச்சைச் சேரும். நம் உதாரணத்தில் முன் அச்சுக்குக் கூடியது 700 கிலோ. முன் அச்சுக்கும் இரட்டை அச்சின் நடுவுக்கும் இடையே உள்ள தூரம் 380 சென்டிமீட்டராயின், 700-ஐ 11,800-ஆல் வகுத்து 380-ஆல் பெருக்க, சுமார் 22½ சென்டிமீட்டர் வருகிறது. நாடாவைப் பிடித்து அளந்தால் கிங்பின் அந்த இடத்தில் இருக்கவேண்டும். அது 45 சென்டிமீட்டர் முன்னே இருப்பதாக நாடா சொல்லுமாயின், முன் அச்சுக்குக் கூடியிருக்க வேண்டியது சுமார் 1,400 கிலோ; ஆகவே வாசிப்புகளில் ஏதோ ஒன்று பிழை என்பது தெளிவு.

மூட்டைக் கணக்கு

இனிச் சரக்கின் பக்கத்திலிருந்து ஒரு சோதனை. நம் பெட்டகத்தில் 50 கிலோ மிளகு கொண்ட 400 மூட்டைகள் உள்ளன என்க. மிளகு 20,000 கிலோ. பெட்டகத்தின் கதவில் எழுதியுள்ள வெற்று எடை 3,780 கிலோ. அதே மேடையில் நிறுத்த வெற்று டிரெய்லர் 5,960 கிலோ. கூட்டினால் 29,740 கிலோ வருகிறது. மேடை காட்டியதோ 30,000 கிலோ. 260 கிலோ எங்கிருந்து வந்தது? சாக்குகளின் எடை கணக்கில் சேரவில்லை. ஒரு சாக்கு 650 கிராம் வீதம் 400 சாக்குகளுக்கு 260 கிலோ. இதைச் சேர்த்த பின் கணக்கு ஒத்துவிடுகிறது.

மேடையையும் மூட்டைக் கணக்கையும் இங்ஙனம் ஒப்பிடுதல் கப்பல் துறையிலும் இன்று முக்கியம் பெற்றுள்ளது. 2007 ஜனவரியில் இங்கிலீஷ் கால்வாயில் எம்.எஸ்.சி. நாப்போலி என்னும் பெட்டகக் கப்பலின் உடற்பகுதி பிளந்தது. அதன் மேல்தளத்திலிருந்த பெட்டகங்களுள் 660-ஐ விசாரணையாளர் நிறுத்துப் பார்த்தபோது, 137 பெட்டகங்களின் எடை அறிவித்த எடையினின்று 3 டன்னுக்கு மேல் வேறுபட்டிருந்தது. விபத்துக்கு எடைப் பிழை ஒன்றே காரணமன்று. எனினும் அறிவித்த எண்களை அப்படியே நம்பலாகாது என்பதை அது உணர்த்திற்று. 2016 ஜூலை முதல் தேதியிலிருந்து, சரிபார்த்த மொத்த எடை அறிவிக்கப்படாத பெட்டகத்தைக் கப்பலில் ஏற்றலாகாது என்னும் சர்வதேச விதி அமலில் உள்ளது. நிரப்பிய பெட்டகத்தை நிறுத்தோ, அல்லது சரக்கு, கட்டுமானப் பொருள், வெற்றுப் பெட்டகம் ஆகியவற்றைத் தனித்தனியே கூட்டியோ அவ்வெடையைக் காணலாம். நம் உதாரணத்தில் அது 24,040 கிலோ.

வெற்றெடையில் மறைந்துள்ள பிழை

நிகர எடை என்பது இரண்டு பெரிய எண்களின் வித்தியாசம். இரண்டிலும் உள்ள பிழைகள் அதில் வந்து சேர்கின்றன. மொத்த எடையில் 30 கிலோவும் முன்வண்டியின் எடையில் 20 கிலோவும் பிழை இருக்கலாமெனின், வித்தியாசத்தில் 50 கிலோ வரை பிழை நேரலாம். இது கருவியின் பிழை. மனிதர் செய்யும் பிழை இதனினும் பெரிது. சென்ற மாதம் எடுத்த வெற்றெடையை இன்றைய வண்டிக்கும் எழுதிக்கொள்வது பல இடங்களில் வழக்கம். டாங்கியிலுள்ள 300 லிட்டர் டீசல் மட்டுமே ஏறக்குறைய 250 கிலோ. மழையில் நனைந்த தார்ப்பாயும் கயிறும், சக்கரத்தில் ஒட்டிய சேறும், ஓட்டுநரும் உதவியாளரும் இதற்கு மேல். ஆகவே வெற்றெடையும் பாரமேற்றிய எடையும் ஒரே மேடையில், ஒரே நாளில், ஒரே நிலையில் எடுக்கப்படுதல் வேண்டும். ஆட்கள் இரு முறையும் வண்டியில் இருக்கட்டும். அல்லது இரு முறையும் இறங்கி நிற்கட்டும்.

கொச்சியைப் போன்ற கடலோர ஊர்களில் மேடையைப் பேணுவதிலும் கவனம் வேண்டும். இடவப்பாதி மழைக்காலத்தில் மேடைக்கடியிலுள்ள குழியில் நீர் தேங்குகிறது. கல்லும் மண்ணும் மேடையின் விளிம்பில் சிக்கினால் பாரத்தில் ஒரு பகுதியை அவை தாங்கிக்கொள்ளும். எடை குறைந்து காட்டும். உப்புக் காற்று இணைப்புகளை அரிக்கிறது. வண்டி ஏறுமுன் கருவி பூஜ்யம் காட்டுகிறதா என்பதையும், வண்டி இறங்கிய பின் மீண்டும் பூஜ்யத்திற்கு வருகிறதா என்பதையும் பார்த்தல் முதற் கடமை.

மேடையையே சோதிப்பது எவ்வாறு?

அறுபது டன் மேடையைச் சோதிக்க அறுபது டன் படிக்கற்களைக் கொண்டுவருதல் எளிதன்று. ஆதலால் மாற்றீட்டு முறை கையாளப்படுகிறது. முதலில் 20 டன் படிக்கற்களை ஏற்றி வாசிப்பைக் குறிக்கிறார்கள். பின் அவற்றை இறக்கி, அதே வாசிப்பு வரும்வரை வேறு பாரத்தை ஏற்றுகிறார்கள். இப்போது அப்பாரமும் 20 டன்னே. அதன்மேல் படிக்கற்களை மறுபடி ஏற்றினால் 40 டன் ஆயிற்று. இவ்வாறே மேலும் செல்லலாம். இதனுடன், ஒரே பாரத்தை ஒவ்வொரு தாங்கியின் மேலும் மாற்றி மாற்றி வைத்து, எல்லா மூலைகளிலும் ஒரே எடை வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். டிரெய்லரின் அச்சுகள் மேடையின் ஒரு முனையில் மட்டும் நிற்கும் வாசிப்புகளுக்கு இச்சோதனை மிகவும் அவசியம்.

படிக்கற்கள் தம்மைவிடத் துல்லியமான படிக்கற்களுடன் ஒப்பிடப்படுகின்றன. இச்சங்கிலி டில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் முடிகிறது. அங்குள்ள 57-ஆம் எண் கிலோகிராம் உருளை நெடுங்காலம் நம் நாட்டின் மூல எடையாக விளங்கிற்று. 2019 மே 20 முதல் உலகெங்கும் கிலோகிராம் பிளாங்க் மாறிலியைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. ஆயினும் அச்சங்கிலியின் கடைசிக் கண்ணி துறைமுகச் சாலையிலுள்ள எடை மேடையேயாகும். அங்கே பிசகினால் டில்லியின் துல்லியத்தால் யாதொரு பயனும் இல்லை.

ஓர் எடைச் சீட்டிலுள்ள ஒற்றை எண் தன்னைத் தானே மெய்ப்பிக்க இயலாது. வெவ்வேறு வழியில் பெற்ற எண்கள் தம்முள் ஒத்துவரும்போதே அது நம்பத்தக்கதாகிறது. ஐந்து வாசிப்புகளைக் குறிக்க ஆகும் நேரம் சில நிமிஷங்கள். தாம் செய்யாத தவறுக்காகச் சாலையில் தடுத்து நிறுத்தப்படும் ஓட்டுநருக்கு அக்குறிப்பு பெருந்துணையாகும்.

பயிற்சி

மற்றொரு வண்டிக்கு மேற்கூறிய வரிசையில் கிடைத்த வாசிப்புகள்: 5,200, 20,100, 39,000, 33,640, 18,880 கிலோ. இங்குக் கூட்டல்களில் சுமார் 80 கிலோ வரை வேற்றுமையை ஏற்கலாம். எந்த வாசிப்புகள் ஐயத்திற்குரியவை?

விடை: இரண்டாம், ஐந்தாம் எண்களின் கூட்டல் 38,980, மொத்தத்துடன் 20 கிலோவே வேற்றுமை, ஆகவே இவை பொருந்துகின்றன. முதல், நான்காம் எண்களின் கூட்டல் 38,840. 160 கிலோ குறைகிறது. எனவே இவ்விரண்டில் ஒன்று பிழையாகும். முன் அச்சு மேடைக்கு ஏறி நின்ற இடத்தையும் இறங்கி நின்ற பாதையின் மட்டத்தையும் பரிசோதித்து, பிரேக்கைத் தளர்த்தி மீண்டும் நிறுக்க வேண்டும்.