கழி ஊன்றும் கையும் ராக்கெட்டும்

பழவேற்காடு ஏரியில் மூங்கில் கழியை ஊன்றிப் படகு செலுத்தும் மீனவரைக் கவனித்திருக்கிறீர்களா? காற்றில் படகின் முகப்பு விலகினால், அவர் கண் அதைக் காண்கிறது. எவ்வளவு விலகிற்று என்று மூளை கணிக்கிறது. கை அந்த அளவுக்கே கழியை மாற்றி ஊன்றுகிறது. அதிகம் தள்ளினால் படகு மறுபுறம் திரும்பிவிடும்; தாமதித்தாலும் தொல்லையே. இவ்வாறு விளைவைப் பார்த்துச் செயலைத் திருத்துவதே ‘பின்னூட்டக் கட்டுப்பாடு’.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவேயுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ராக்கெட்டுக்கும் இதே விதிதான். அங்கே கண், ஜைரோஸ்கோப். மூளை, மின்னணுக் கருவி. கை, பக்கவாட்டில் வாயுவைப் பீச்சும் சிறு உந்திகள்.

மூன்றில் ஒன்று தவறினால்? 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3 முதன்முறையாகப் புறப்பட்டது. முதல் கட்டம் செவ்வனே எரிந்தது. ஆனால் இரண்டாம் கட்டத்தின் உந்திகளுக்கு வேண்டிய நைட்ரிக் அமிலம், வால்வு ஒன்று சரியாக மூடாததால் முன்பே கசிந்து போயிருந்தது. விலகலைத் திருத்தக் ‘கை’ இல்லை. ராக்கெட் கடலில் வீழ்ந்தது. குறை களையப்பட்டபின், 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் 35 கிலோ எடையுள்ள ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

செய்து பாருங்கள்: நீண்ட குச்சியொன்றை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்துங்கள். பிறகு கண்களை மூடுங்கள், குச்சி சாய்ந்துவிடும். அடுத்து, கண்களைத் திறந்துகொண்டு குட்டைக் குச்சியால் முயலுங்கள். அதை நிறுத்துவது ஏன் இன்னும் கடினம்? அது சாயும் வேகத்தையும் உங்கள் கையின் தாமதத்தையும் ஒப்பிட்டால் விடை கிடைக்கும்.