இல்லறப் பிளவும் இளஞ்சிறார் நலனும்

இல்லறம் கணவனும் மனைவியும் மட்டும் வாழ்ந்து முடிக்கும் வாழ்க்கையன்று. முதியோரைப் பேணி, மக்களை வளர்த்து, சுற்றம் தாங்கி, துறவியர்க்கு ஆகாரதானம் அளிக்கும் அறத்தின் நிலைக்களம் அது. அதனாலேயே நம் ஆசாரியர்கள் துறவியர்க்கு மகாவிரதங்களை வகுத்ததுபோல் இல்லறத்தார்க்கு அணுவிரதங்களை வகுத்தனர். அந்நிலைக்களம் பிளவுறும்போது சுமை யார்மேல் விழுகின்றது என்பதை இங்கு ஆராய்வோம். மணமுறிவைப் பற்றிப் பேசவும் நாணுகின்றோம் நாம். பேசாமையால் எந்நோயும் தீர்வதில்லை.

குழந்தை கற்கும் முதற்பாடம்

குழந்தை கேட்டுக் கற்பதைவிடக் கண்டு கற்பதே மிகுதி. ஆலயத்தில் கொல்லாமையைக் கேட்கும் சிறுவன், இல்லத்தில் தந்தை தாயைக் கடுஞ்சொல்லால் சுடுவதைக் காண்பானாயின் எதனை அறமென்று கொள்வான்? பொழுது சாயுமுன் உண்ணும் நியமத்தை வழுவாது காக்கும் இல்லமாயினும், உண்ணும் வேளையில் பெற்றோர் ஒருவரோடொருவர் பேசாது பிள்ளையின் வாயிலாகவே செய்தி சொல்லி அனுப்புவராயின், அப்பிள்ளை சோற்றோடு அச்சத்தையும் விழுங்குகின்றது. மனம், மொழி, மெய் மூன்றாலும் இம்சை நிகழும் என்னும் நம் கோட்பாடு முதலில் பொருந்த வேண்டிய இடம் நம் வீடே.

இல்லறப் பூசல்களின் வேரைத் தேடின் நான்கு கஷாயங்களும் தென்படும். சினம் பூசலை மூட்டுகின்றது. செருக்கு மன்னிப்புக் கேட்பதைத் தடுக்கின்றது. வஞ்சனை நம்பிக்கையை அரிக்கின்றது. உலோபம் சீர்வரிசைக் கணக்கை ஆண்டுகள் பல கழிந்த பின்னும் மீண்டும் எடுத்து வைக்கின்றது.

ஆய்வுகள் கூறுவன

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜூடித் வாலர்ஸ்டீன் என்னும் அம்மையார் 1971இல் தொடங்கி, பெற்றோர் பிரிந்த 60 குடும்பங்களைச் சேர்ந்த 131 சிறார்களை 25 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தார். அவர்களுள் பலர்க்குப் பிரிவின் வடு வளர்ந்து தாம் மணம்புரியும் பருவத்திலும் அச்சமாக வெளிப்பட்டது என அவர் கண்டார். வர்ஜீனியாவில் ஆய்ந்த மேவிஸ் ஹெதரிங்டன் 2002இல் வெளியிட்ட நூலில், பிரிந்த குடும்பத்துப் பிள்ளைகளுள் ஏறத்தாழ 25 விழுக்காட்டினர்க்கும், பிரியாத குடும்பத்துப் பிள்ளைகளுள் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர்க்கும் கடுமையான இடர்ப்பாடுகள் இருந்தன என்றார். இடர் இரு மடங்கிற்கும் மேலாகின்றது என்பது உண்மை. முறிந்த குடும்பத்துப் பிள்ளைகளுள் பெரும்பாலோர் தேறி வந்தனர் என்பதும் அதே அளவு உண்மை.

பால் அமாட்டோ, ஆலன் பூத் ஆகியோர் 1997இல் வெளியிட்ட ஆய்வு மற்றொன்றையும் தெளிவாக்கியது. ஓயாத கடும்பூசல் நிலவிய இல்லத்துப் பிள்ளைகள், பெற்றோர் பிரிந்த பின் முன்னினும் நலமாயினர்; சிறு பிணக்குகளுக்காகப் பெற்றோர் பிரிந்த இல்லத்துப் பிள்ளைகளே பெரிதும் துன்புற்றனர். ஆகவே 'பிள்ளைக்காக எதையும் பொறுத்துக்கொள்' என்னும் அறிவுரை எல்லா இல்லத்திற்கும் ஒன்றுபோல் பொருந்தாது. அடியும் உதையும் உள்ள வீட்டிற்கே ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவது குடிப்பெருமையைக் காப்பதன்று, இம்சைக்குத் துணைபோவதாகும்.

சட்டத்தின் நோக்கு

1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் ஜைனர்க்கும் உரியது. 2014இல் மைய அரசு ஜைனரைச் சிறுபான்மையினராக அறிவித்த பின்னரும் இச்சட்டமே பொருந்தும் என்பதை மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சுத் திங்களில் உறுதி செய்தது. இருவரும் மனமொத்துப் பிரியும் முறை 1976இல் சேர்க்கப்பட்டது. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், முதலில் இணக்கத்திற்கு முயலும் கடமையை நீதிமன்றத்திற்கு விதித்துள்ளது. குழந்தை எவரிடம் வளர்வது என்னும் வினா எழும்போது, குழந்தையின் நலனே தலையாயது என்கின்றது 1956ஆம் ஆண்டின் இளவர் காப்பாளர் சட்டம். இரு தரப்புச் சுற்றத்தாரின் வெற்றி தோல்விக்கு அங்கு இடமில்லை. நாமும் இந்நோக்கையே கொள்ளுதல் தகும்.

சீவகன் வரலாறு தரும் பாடம்

திருத்தக்கதேவர் பாடிய சீவக சிந்தாமணியின் தலைவன் பிறந்தது அரண்மனையிலன்று; சுடுகாட்டில். தந்தை சச்சந்தன் கட்டியங்காரனின் சூழ்ச்சியால் மாண்டான். தாய் விசயை தவப்பள்ளி சேர்ந்தாள். அக்குழவியைக் கந்துக்கடன் என்னும் வணிகன் தன் மகனாக வளர்த்தான். அச்சணந்தி ஆசிரியர் கல்வி புகட்டினார். பிறந்த குடும்பம் சிதைந்தும் அவன் கெடவில்லை. அன்புள்ள ஒரு வீடும் அக்கறையுள்ள ஓர் ஆசிரியரும் கிடைத்தமையே காரணம். பிள்ளையின் குடும்பப் பின்னணியை நாம் மாற்ற இயலாது. அதற்குத் துணைநிற்க இயலும்.

நாம் செய்யத்தக்கன

1. பிள்ளையிடம் மற்றவரைப் பழிக்கலாகாது. அதனைத் தூதாகவோ சான்றாகவோ ஆக்கலாகாது.

2. பிரிவு உறுதியாயின், அதற்குப் பிள்ளை காரணமன்று என்பதைப் பெற்றோர் இருவரும் வாய்விட்டுச் சொல்லவேண்டும்.

3. தாத்தா, பாட்டி, மாமன், அத்தை உறவுகள் இரு பக்கமும் அறாமல் காக்கப்படவேண்டும்.

4. நம் சமுதாயம் சிறியது. பிரிந்த இரு வீட்டாரும் ஒரே ஆலயத் திருவிழாவில் எதிர்ப்படுவர். அங்கு அப்பிள்ளையை இரக்கப் பார்வையாலும் துருவும் கேள்வியாலும் வருத்தலாகாது. மற்றப் பிள்ளைகளோடு பூசையிலும் பாடசாலையிலும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

5. பின்னாளில் அப்பிள்ளைக்கு மணம் பேசும்போது பெற்றோரின் பிரிவைக் குறையாகக் கூறி ஒதுக்கலாகாது. தான் செய்யாத வினைக்குத் தான் பயன் துய்க்குமாறு செய்வது நம் கன்மக் கொள்கைக்கே முரணாகும்.

தசலட்சண பர்வத்தின் நிறைவில் எல்லா உயிர்களிடத்தும் மன்னிப்பு வேண்டுகின்றோம். அவ்வேண்டுதலைக் கணவன் மனைவியிடத்தும், மனைவி கணவனிடத்தும், இருவரும் தம் மக்களிடத்தும் முதலில் செய்வார்களாயின், பல இல்லங்கள் பிளவுறாமல் நிற்கும். பிளவுற்ற இல்லத்துப் பிள்ளைகளும் நலமே வாழ்வர்.