ரெண்டு சங்கம் ஒண்ணாச் சேர்ந்தால்...

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவர் ஒருவர்)



கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் எங்கள் ஊரில் இரண்டு இளைஞர் நற்பணி மன்றங்கள். இரண்டுமே பதிவு பெற்றவை. ஒன்றுக்குப் படிப்பகமும் அரை கிரவுண்டு மனையும் உண்டு. இன்னொன்றுக்கு பேங்கில் கொஞ்சம் பணம், மைக்செட் கடையில் கொஞ்சம் பாக்கி. பொங்கல் விழாவில், "இனிமே நாம ஒரே மன்றம்"னு கைதட்டி முடிவெடுத்தோம். போர்டையும் மாத்திட்டோம். அடுத்த மாதமே செக் திரும்பி வந்தது. "இந்தப் பேர்ல சங்கமே இல்லையேப்பா" என்றார்கள் பேங்கில். பேப்பர்காரருக்குப் பணம் கொடுக்க முடியவில்லை, கரண்ட் பில்லும் கட்டவில்லை. சாயங்காலம் அங்கே படிக்க வந்த பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்தார்கள்.

அப்புறம்தான் சட்டத்தைப் புரட்டினேன். கற்றதை உங்களுக்கும் சொல்கிறேன்.

சங்கம் என்றால்

நம் மாநிலத்தில் இதற்குத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. இரண்டு சங்கங்களும் தனித்தனியாகப் பொதுக்குழு கூட்டி, தனித்தனியாகச் சிறப்புத் தீர்மானம் போட வேண்டும். என்ன தீர்மானம் என்பதைக் குறிப்பிட்டு 21 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். வந்து ஓட்டுப் போடுபவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். அதாவது, 40 பேர் ஓட்டுப் போட்டால் 30 பேர். ஒரு சங்கத்தில் 29 ஆனாலும் இணைப்பு இல்லை! பிறகு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். ஆண்டுக் கணக்கு பாக்கி இருந்தால் அதை முதலில் முடித்துவிடுவது நல்லது.

1860ஆம் ஆண்டு மத்திய சட்டம் நடப்பில் உள்ள இடங்களில் கணக்கு வேறு. ஐந்தில் மூன்று பங்கு ஆதரவு போதும். ஆனால் ஒரு மாத இடைவெளியில் இரண்டு கூட்டம் நடத்தி உறுதி செய்ய வேண்டும்.

டிரஸ்ட் என்றால்

இங்கே ஓட்டு எண்ணி முடிக்க முடியாது. நிறுவியவர் எழுதிய பத்திரம்தான் எஜமான். அதில் இணைப்புக்கு இடமில்லை என்றால், பொது அறக்கட்டளை சிவில் நடைமுறைச் சட்டம் 92வது பிரிவின்படி கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். கண் ஆஸ்பத்திரிக்கென்று ஒருவர் கொடுத்த பணத்தை நாம் கைதூக்கிக் கபடிக்கு மாற்றக் கூடாதல்லவா!

சொத்து, கடன், வரி

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய திருச்சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானது. சொத்துக்களை வைத்துக்கொள்ள அதே ஆண்டில் கம்பெனிச் சட்டப்படி தனியாக ஒரு டிரஸ்ட் அசோசியேஷனையும் பதிவு செய்தார்கள். மனம் இணைந்தால் மட்டும் போதாது, மனை யார் பெயரில் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும் என்று அன்றே உணர்ந்திருக்கிறார்கள்.

கடனும் கூடவே வரும். போர்டு மாறினதால் மைக்செட் பாக்கி மறைந்துவிடாது. வருமான வரிச் சலுகை பெற்ற அமைப்பு, அதே பதிவும் ஒத்த நோக்கமும் இல்லாத அமைப்போடு இணைந்தால், கடன் போக மிஞ்சும் சொத்து மதிப்பின் மேல் உச்ச விகித வரி விழும். இது 2016இல் வந்த விதி.

நண்பர்களே, நமக்குத் தெரிந்த பாடம்தான் இது. இரண்டு ஷாஃப்டுக்குக் கப்ளிங் போடும் முன் அலைன்மென்ட் பார்க்கிறோம். பார்க்காமல் போட்டால் பேரிங் போய்விடும். சங்கத்துக்கு அலைன்மென்ட் என்பது நோக்கம், சொத்து, கடன், மினிட் புக்.

எங்கள் ஊரில் பழைய போர்டுகள் மறுபடி ஏறிவிட்டன. முறைப்படி நோட்டீஸும் போயிருக்கிறது. 21 நாளை எண்ணிக்கொண்டிருக்கிறோம், நாங்களும் அந்தப் பிள்ளைகளும்!