வாசல் மணி மாட்டப் போகும் தம்பிக்கு

தம்பி, கேமரா வைத்த காலிங் பெல் மாட்டித் தரச் சொல்லி உன்னையும் இனி கூப்பிடுவார்கள். சின்ன வேலைதான். சின்ன வேலையில்தான் கவனம் தூங்கும்.

1. பெட்டியைப் பிரித்ததும் ஸ்குரூ டிரைவரைத் தேடாதே. மணியின் முதுகைத் திருப்பி எத்தனை வோல்ட் என்று படி. நம் வீடுகளில் காலிங் பெல் பெரும்பாலும் 230 வோல்ட்டில் நேராக ஓடுவது. அமெரிக்க வீடுகளில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 16 முதல் 24 வோல்ட்டாகக் குறைத்துத்தான் வாசலுக்கு அனுப்புகிறார்கள். மகன் அங்கிருந்து ஆசையாக வாங்கி வந்த மணியை, பழைய சுவிட்ச் ஒயரிலேயே மாட்டிப் புகைய விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். "ரெண்டு ஒயர்தானே" என்றுதான் எல்லோரும் ஆரம்பித்தார்கள்.

2. அந்த ரெண்டில் ஒன்று ஃபேஸ், மற்றது மணிக்குப் போவது. நியூட்ரல் அங்கே இருக்காது. இல்லையே என்று எர்த்தை எடுத்து இணைத்துவிடாதே. மணி அடிக்கும், கெட்டிக்காரன் என்ற பெயரும் கிடைக்கும். ஆனால் எர்த் எங்காவது அறுந்த அன்றைக்கு, ஃப்ரிட்ஜைத் தொடுகிற பிள்ளைக்கு ஷாக் அடிக்கும். நியூட்ரலை இழுத்து வா. இல்லையென்றால், வீட்டுக்குள் அடாப்டர் வைத்து, குறைந்த வோல்ட்டுக்குத் தனி ஒயர் கொண்டு போ. அந்த ஒயரை 230 ஓடும் பைப்பில் நுழைக்காதே.

3. "மெயினை அணைச்சாச்சு" என்று வீட்டுக்காரர் சொன்னால் தலையாட்டு. பிறகு நீயே போய்ப் பார். ஈபி லைன் செத்திருக்கும், இன்வர்ட்டர் லைன் உயிரோடு இருக்கும். என் குருநாதர் டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கிற பாயின்ட்டில் வைத்துப் பார்ப்பார், அடுத்து வேலை செய்யும் இடத்தில், மறுபடியும் கரண்ட் இருக்கிற பாயின்ட்டில். டெஸ்டரே பழுதாக இருக்கலாம் அல்லவா? நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். அவர் ஒரு நாளும் அவசரப்பட்டதில்லை.

4. ஒயர் நிறத்தை நம்பாதே. கருப்பில் ஃபேஸ் ஓடும் வீடுகள் ஏராளம்.

5. கேமராவை முடுக்குவதற்கு முன் அது எதைப் பார்க்கிறது என்று பார். எதிர்வீட்டுக் கதவு முழுசாகத் தெரிந்தால் கோணத்தைத் திருப்பு. வீட்டுக்காரருக்குத் தோன்றாவிட்டாலும் நீ சொல். வைஃபை பாஸ்வேர்டை அவரே அடிக்கட்டும். சோதித்துப் பார்க்கிறேன் என்று உன் போனில் கணக்கு திறந்தால், அழித்துக் காட்டிவிட்டுப் படி இறங்கு. மணி மாட்ட வந்தவன் போனில் அந்த வீட்டு வாசல் மறுநாளும் தெரியக் கூடாது. வேலை நன்றாகத் தெரிந்தும் இந்த ஒரு விஷயத்தில் பேர் கெட்டுத் தொழிலை விட்டவர்கள் உண்டு.

6. வயர்மேன் சான்றிதழ் கைக்கு வரும்வரை மெயின் போர்டைத் தனியாகத் திறக்காதே. கேட்டால் "எனக்குத் தெரியாது, பெரியவரைக் கூட்டி வருகிறேன்" என்று சொல். கௌரவம் ஒன்றும் குறையாது.

7. சில வீடுகளில் சுவரை உடைத்து ஒயர் இழுப்பதைவிட, பேட்டரியில் ஓடும் மணியே போதும். அப்படித் தோன்றினால் மறைக்காமல் சொல்லிவிடு. உன் கூலி குறையும், பரவாயில்லை, சொல்லிவிடு.