புற்றுக்காளானை அறியும் முறை

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பெய்து வெயில் காணுங்கால், எம். புதுப்பட்டி முதலிய சிவகாசி தாலுகாக் கிராமங்களின் மானாவாரிக் காடுகளிலும் கண்மாய்க் கரைகளிலும் காளான்கள் முளைப்பதுண்டு. இவற்றுள் உண்ணத்தக்கது புற்றுக்காளான். நிறத்தையும் மணத்தையும் மாத்திரம் நம்பிக் காளான் பறிப்பது உயிருக்கு அபாயம். 2022 ஏப்ரலில் அஸ்ஸாம் மாநிலத்தில் காட்டுக்காளான் உண்டவர்களில் 13 பேர் திப்ருகர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மாண்டனர்.

உற்பத்தி: கறையான்களில் சில வகைகள் புற்றினுள் பூஞ்சையைப் பயிர் செய்து உண்கின்றன. சருகையும் கட்டையையும் தின்று, அதன் எச்சத்தால் துவாரங்கள் நிறைந்த அடை கட்டி, அதன்மேல் பூஞ்சையை வளர்க்கின்றன. மண் நன்றாக நனைந்ததும் அவ்வடையிலிருந்து காளான் எழும்பி வெளிவருகிறது.

அடையாளங்கள்: காளானை இழுத்துப் பறிக்கலாகாது. களைக்கொத்தினால் சுற்றிலும் தோண்டிப் பார்த்தல் வேண்டும். பெரிய புற்றுக்காளானின் காம்பு வேர்போல் நீண்டு கறையான் அடையில் சென்று முடியும். குடையின் நடுவில் முனை இருக்கும். குடையை வெள்ளைத்தாளின்மேல் ஓரிரவு கவிழ்த்து வைத்தால், வெளிறிய இளஞ்சிவப்புப் பொடி படியும். பச்சைப் பொடி படிவது புல்தரையில் முளைக்கும் விஷக்காளான். வாந்தியும் பேதியும் உண்டாக்கும். காம்பின் அடியில் பை போன்ற உறையும், வெள்ளைப் பொடியும் உடையவற்றுள் உயிரைப் போக்கும் வகைகள் உள. காம்பில் வளையம் காணப்படுவது மாத்திரம் விஷக்குறியன்று. 1979-இல் தென்னிந்தியாவிலிருந்து விவரிக்கப்பெற்ற டெர்மிடோமைசிஸ் ஹைமி என்னும் நல்ல புற்றுக்காளானுக்கும் வளையம் உண்டு. ஆகவே எல்லா அடையாளங்களும் ஒருங்கே பொருந்தினாலன்றி உண்ணற்க.

வீண் பரீக்ஷைகள்: வெள்ளிக்காசு கறுக்கிறதா, பூண்டு நிறம் மாறுகிறதா, பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்ப்பதால் பயனில்லை. கொடிய விஷம் வேகவைப்பதாலும் உலர்த்துவதாலும் நீங்காது.

எச்சரிக்கை: காளான் மண்ணிலுள்ள உலோகங்களை உறிஞ்சும் இயல்புடையது. ஆதலால் பட்டாசுக் கழிவு கொட்டப்பட்ட நிலத்தில் முளைத்ததைத் தொடவேண்டாம்.

சிகிச்சை: கொடிய விஷம் உண்டவருக்கு 6 முதல் 24 மணி நேரம் வரை யாதொரு குறியும் தோன்றாதிருக்கலாம். பின் வாந்தி பேதி கண்டு, சற்றுத் தணிந்து, அதன்பின் கல்லீரல் கெடும். தணிந்ததென்று வீட்டில் வைத்திருப்பது மரணத்துக்கு இடமாகும். கைவைத்தியத்தில் காலங்கழிக்காமல் 108 வண்டியை வரவழைத்து, மிஞ்சிய காளானையும் உடன் கொடுத்தனுப்புக. உடன் உண்டோர் யாவரையும் மருத்துவரிடம் காட்டுவிக்கக் கிராம நிர்வாக அலுவலர் கவனித்தல் வேண்டும்.

காளான் உணவில் விருப்பமுள்ள மிராசுதாரர்கள் பால்காளானை வீட்டிலேயே வளர்க்கலாம். வெப்பம் தாங்கும் ஏ.பி.கே. 2 என்னும் இரகம் இவ்விருதுநகர் ஜில்லாவின் அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1998-இல் வெளியிடப்பட்டதாகும். சந்தேகத்திற்கிடமான காட்டுக்காளானைத் தேடி அலைவதினும் வைக்கோலில் விளைவித்ததை உண்பதே நலம்.