ஏழாம் வகுப்பு ஆங்கில நோட்டு
(இளம் கட்டுரையாளர் ஒருவருக்குக் கடிதம்)

அன்புள்ள தம்பிக்கு,

ஏழாம் வகுப்பில் படிக்கும் உன் மகளுடைய ஆங்கில வகுப்பைப் பற்றி மனம் நொந்து நீ எழுதிய கட்டுரையைச் சென்ற மாத இதழில் படித்தேன். படித்து முடித்ததும் கோபமும் சந்தோஷமும் ஒருங்கே வந்தபடியால், உடனே பேனாவை எடுக்காமல், மறுபடியும் நிதானமாக ஒருமுறை படித்துவிட்டு இதை எழுதுகிறேன். நம் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் சரியாக நடக்கவில்லை என்பதை உனக்கு நான் சொல்லவும் வேண்டாம். எனக்கு நீ சொல்லவும் வேண்டாம். ஆயுளில் பெரும்பகுதியைச் சாக்பீஸும் கையுமாகக் கழித்தவன் நான். நீயோ தினந்தோறும் மகளின் பக்கத்தில் அமர்ந்து பார்க்கிறவன். ஆகையால் நேரே என் ஆட்சேபத்துக்கு வந்துவிடுகிறேன்.

உன் மகளின் ஆங்கில டீச்சர் 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்று சொல்கிறார் என்பதற்கு முழுதாக ஒரு பக்கத்தைச் செலவிட்டிருக்கிறாய். அதைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. நாக்கின் வளைவைக் கொண்டு ஒருவருடைய பாஷை ஞானத்தை அளப்பது நம் ஜனங்களை நெடுங்காலமாகப் பிடித்திருக்கும் வியாதி. படித்தவனும் எழுதுகிறவனுமாகிய நீயும் அதற்கு இரையாகலாமா? அந்த அம்மாள் எத்தனை வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிறார், அவர் பட்டம் பெற்றது எந்தப் பாடத்தில் என்று விசாரித்தாயா? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பார். ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் அறிவியலுக்கும் கணிதத்துக்கும் ஓர் ஆசிரியர், சமூக அறிவியலுக்கு ஓர் ஆசிரியர், 'மொழிகளுக்கு' ஓர் ஆசிரியர் என்று அதில் குறைந்தபட்ச நிபந்தனை விதித்திருக்கிறார்கள். ஆங்கிலத்துக்கென்று தனியாக ஒருவர் வேண்டும் என்று அந்த அட்டவணை சொல்லவில்லை. தமிழில் தேர்ந்த ஒருவர் ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் ஏந்தி மூன்று வகுப்புகளுக்கும் மாறி மாறி ஓடும் நிலைமை ஒரு பள்ளியில் ஏற்படுமானால், அதற்கு அவருடைய உச்சரிப்பையா பொறுப்பாக்குவது?

உன் கட்டுரையில் இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கல்வி முறையைச் சாடிப் பல பத்திகள் எழுதியிருக்கிறாய். பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் ஏசர் ஆய்வின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையிலிருந்து, இந்தியக் கிராமப்புறங்களில் எட்டாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளுள் எளிய ஆங்கில வாக்கியங்களை வாசிக்கத் தெரிந்தவர்கள் 46.7 சதவீதத்தினர்தாம் என்று எடுத்துக் காட்டியிருக்கிறாய். கணக்கு சரியானதே. ஆனால் உன் சொந்த மகள் ஒரு வாக்கியத்தைத் தானாக வாசிப்பாளா, மாட்டாளா என்பதைக் கட்டுரை முழுவதும் தேடியும் என்னால் அறிந்துகொள்ள முடியவில்லை. அவளுடைய நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கமாவது உன் எழுத்தில் வந்திருக்க வேண்டாமா? தகப்பனுக்கு மட்டுமே கிட்டக்கூடிய சாட்சியம் அது. அதைக் கைவிட்டு, எவரும் எங்கிருந்தும் எடுத்துக்கொள்ளக்கூடிய எண்ணை நம்பினாய்.

எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணும் ஏழாம் வகுப்புதான். உன் கட்டுரையைப் படித்த அன்று மாலை அவளுடைய ஆங்கில நோட்டை வாங்கிப் பார்த்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. பாடத்தின் பெயருக்குக் கீழே சிவப்பு மையில் இரட்டைக் கோடு. பிறகு பாடத்தின் இறுதியில் உள்ள புக்-பேக் வினாக்கள், அவற்றுக்குரிய விடைகள். பக்கத்தின் அடியில் ஒரு டிக், ஒரு கையொப்பம், தேதி. பாடப் புத்தகத்தைத் திறந்தால், வரிகளுக்குப் பென்சிலால் அடைப்புக்குறி போட்டு, ஓரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் இட்டிருந்தது. முதல் வினாவுக்கு முதல் அடைப்புக்குறி விடை, இரண்டாவதற்கு இரண்டாவது. டீச்சர் சொல்லக் குறித்தது என்றாள். நோட்டின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரையில் பிழையே இல்லை. அந்தப் பெண் தானே யோசித்து எழுதிய வாக்கியமும் ஒன்றுகூட இல்லை. புத்தகத்தின் கடைசியில் உள்ள சப்ளிமென்டரி கதை ஒன்றைக் காட்டி, 'இதைப் படித்தாயா?' என்று கேட்டேன். 'அதற்கு டீச்சர் சுருக்கம் கொடுத்துவிடுவார்கள், தாத்தா' என்றாள்.

அந்தப் பதிலில் இருக்கிறது முழு ரோகமும். கதையைப் படிப்பதற்காக வைத்த பகுதி அது. அதையும் சுருக்கமாக்கி, மனப்பாடமாக்கி, விடைத்தாளில் இறக்கிவிட்டார்கள். நான் எங்கே போனாலும் நான்-டீடெயில் என்னும் இந்தச் சப்ளிமென்டரி புத்தகத்தைப் பற்றியே பேசுகிறேன் என்று நண்பர்கள் சொல்வார்கள், சொல்லட்டும். வாசிப்பின் அருமையை முதலில் கண்டவன் நான் அல்ல. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் டாக்காவில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்துக்கொண்டிருந்த காலத்தில், 1926-இல் ஓர் ஆராய்ச்சி நூல் எழுதினார். வங்காளத்துப் பிள்ளைகளில் மிகப் பலர் படிப்பை நடுவிலேயே விட்டுவிடுகிறார்கள் என்பதைக் கண்ட அவர், பாதியில் நிற்கிறவனுக்கும் கையில் மிஞ்சும் பலன் எது என்று ஆராய்ந்து, பேச்சைவிட வாசிப்பையே முதலில் கற்பிக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். குறைந்த சொற்களைக் கொண்டு எழுதப்பட்ட வாசிப்புப் புத்தகங்களையும் அதற்காகவே தயாரித்தார். அரைகுறையாகப் பேசக் கற்றவன் சில மாதங்களில் அதையும் மறந்துவிடுவான். ஒரு கதைப் புத்தகத்தைத் தட்டுத் தடுமாறியாவது படிக்கக் கற்றவனோ உபாத்தியாயர் இல்லாமலே மேலே போவான். இந்த உண்மைக்கு ஏறத்தாழ நூறு வயது. பின்னாளில் ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்த என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நடத்திய சோதனையும் இதற்குத் தூரமானதன்று: இலக்கண விதியை ஒப்பிக்கச் சொல்லாமல், ரயில் கால அட்டவணையையோ ஒரு வரைபடத்தையோ முன்னால் வைத்து, அதிலிருந்து ஒரு விடையைக் கண்டுபிடிக்கும்படி பிள்ளைகளை ஏவினார், பொருளைத் தேடும் முயற்சியிலேயே பாஷையும் வந்து சேரும் என்பது அவர் சித்தாந்தம்.

வாசிப்பின் இந்தப் பலனை எனக்கு முதலில் காட்டியவர், நான் போர்டு ஹைஸ்கூலில் இரண்டாம் பாரம் (இன்றைய ஏழாம் வகுப்பு) படித்தபோது இருந்த உபாத்தியாயர். வெள்ளிக்கிழமைக் கடைசிப் பீரியடில் ராபின்சன் குரூசோவின் சுருக்கப் பதிப்பைச் சத்தமாக வாசிப்பார். அவர் உச்சரிப்பை நீ கேட்டிருந்தால் ஒரு பக்கம் அல்ல, இரண்டு பக்கம் எழுதியிருப்பாய். தனித் தீவில் ஒதுங்கிய குரூசோ தன் கஷ்டங்களை ஒரு பக்கமும், அவற்றுக்கு எதிராகத் தனக்குக் கிடைத்த ஆறுதல்களை மறு பக்கமும் எழுதிப் பார்க்கும் இடம் வந்ததும் புத்தகத்தை மூடி வைத்தார். கரும்பலகையில் நடுவே ஒரு கோடு கிழித்து, 'உங்கள் வீட்டுக் கணக்கை எழுதுங்கள்' என்றார். என் பக்கத்தில் இருந்த பையன், மிகவும் ஏழை, இடப்புறத்தில் 'எங்களுக்கு மாடு இல்லை' என்றும், வலப்புறத்தில் 'ஆகையால் நான் புல் அறுக்க வேண்டியதில்லை' என்றும் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினான். நாலு பிழைகள் இருந்தன. உபாத்தியாயர் ஒன்றை மட்டும் திருத்திவிட்டு, வகுப்பு முழுவதற்கும் அதை வாசித்துக் காட்டினார். மறு வாரத்திலிருந்து அந்தப் பையனிடம் பேப்பரும் பென்சிலும் ஓயவில்லை. குரூசோவின் புத்தகத்தை இரவல் வாங்குவதற்கு எங்களுக்குள் சண்டையே நடந்தது. அந்த உபாத்தியாயருக்குப் புதிய முறைகள் எதுவும் தெரியாது. பிள்ளைகளுக்குச் சொல்லுவதற்கு ஏதோ இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

இனி நான் சந்தோஷப்பட்ட இடம். ராத்திரி எட்டு மணிக்கு உன் மகள் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, மலைவாசஸ்தலத்துக்குப் போய்வந்த அனுபவத்தைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறாள். 'நீ மலையையே பார்த்ததில்லையே அம்மா' என்கிறாய். 'பார்த்ததை எல்லாம் கேட்க மாட்டார்கள் அப்பா' என்கிறாள். தம்பி, இந்த ஆறு வரிகளுக்காக உன்னை நான் நேரில் வந்து தழுவிக்கொள்ள வேண்டும். இத்தனை காலம் கல்வியைப் பற்றிப் பிரசங்கம் செய்த பெரியவர்கள் பலரால் காட்ட முடியாததை நீ காட்டிவிட்டாய். இப்படி எழுதக்கூடிய கை அடுத்த பத்தியிலேயே 'இன்றைய கல்வி முறை' என்று ஆரம்பித்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் குழந்தையை இன்னும் ஐந்து நிமிஷம் பேசவிட்டிருக்கக் கூடாதா? அவள் பார்த்தது என்ன, அதை எழுதச் சொன்னால் எந்தச் சொல்லில் தடுமாறுவாள், எதற்குச் சிரிப்பாள் என்றெல்லாம் அறிய நான் ஏங்கிக்கொண்டிருக்கையில், நீ என்னைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு போய்ப் புள்ளிவிவரத்தின் நடுவே நிறுத்திவிட்டாய்.

உன் மகளை அரசு நடுநிலைப் பள்ளியில் சேர்த்திருக்கிறாய். அதற்கு என் மரியாதை. அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்களே இருக்க வேண்டும் என்று மேலே சொன்ன அதே கல்வி உரிமைச் சட்டம் விதிக்கிறது. அடுத்த கூட்டத்துக்குத் தவறாமல் போ. டீச்சரைப் பற்றிப் புகார் சொல்லாதே. வாரத்தில் ஒரு பீரியடைச் சப்ளிமென்டரி கதைக்கு ஒதுக்கி, சுருக்கம் எழுதிப் போடாமல், பிள்ளைகளே வாசிக்கும்படி விடவேண்டும் என்றும், மாதத்துக்கு ஒரு முறையாவது கரும்பலகையைப் பார்க்காமல் அவர்களே நாலு வாக்கியம் எழுத வேண்டும் என்றும், அதில் உள்ள எல்லாப் பிழைகளையும் ஒரே நாளில் திருத்த வேண்டாம் என்றும் வணக்கத்தோடு கேள். அந்த அம்மாளே உனக்கு முதல் துணையாக நிற்பார் என்பது என் திடமான நம்பிக்கை. பிறகு மகளுடைய நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இந்தக் கட்டுரையை மறுபடியும் எழுது. உச்சரிப்பைப் பற்றிய பக்கத்தை முழுவதும் அடித்துவிடு.

உன் நலம் விரும்பும்,
ஓர் ஓய்வுபெற்ற ஆங்கில உபாத்தியாயர்